போத்தலில் நின்ற ஐந்து நாள்

என் ஆசை மில்லிக்கு,

ஜெசிந்தா என்று தொடங்கினால் யாரோ யாருக்கோ எழுதுகிறார்கள் என்று நீ திரும்பிப் படுத்துவிடுவாய். அரை மில்லிமீற்றரைக்கூட விட்டுக்கொடுக்காதவள் என்று நான் உனக்கு வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன்.

நேற்றுக் காலை வெள்ளவத்தையில் இருபத்திமூன்று மில்லிமீற்றர். ஆறரை மணிக்கு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, பேனாவால் எழுதினேன். பிறகு பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்து "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணியும் விட்டேன். மூன்றுக்குப் பிறகு யாரும் இல்லை. கடற்கரைப் பக்கம் ரயில் மட்டும் கூவிக்கொண்டு போனது. அது என்ன நம்பர் சொன்னது என்று எனக்கு விளங்கவில்லை.

நீ போய் ஏழு மாதமாகிறது. வகுப்பில் உன் கதிரையில் இப்போது யாருடையதோ பை இருக்கிறது. நான் இன்னும் பகிடி விடுவதை நிறுத்தவில்லை. போன கிழமை கணக்குச் சேரின் வெண்கட்டிப் பெட்டிக்குள் தேங்காய் ரொபியை வெட்டி வைத்தேன். கரும்பலகையில் எழுத்து வரவில்லை, எறும்புதான் வந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு வேண்டிய சிரிப்பு மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து, நானே சொல்லி நானே கைதட்டிப் பார்த்தேன். தனியே கைதட்டினால் நுளம்படிக்கிற சத்தம்தான் கேட்கிறது.

நுளம்பு என்று எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

பள்ளி மலரில் உனக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் "சாந்தமானவள்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சாந்தமா? நீயா? இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள். பிழை இருந்தால் வழக்கம்போலக் கோடு போடு.

அன்றைக்கு நீ கொட்டாஞ்சேனையில் இருந்து தொப்பலாக நனைந்து வந்தாய். வெள்ளவத்தையில் நல்ல வெயில்.

"எங்கட பக்கம் முழுக்க வெள்ளம்டி. பஸ்ஸுக்குள்ளயே தண்ணி."

"இங்க ஒரு சொட்டும் இல்லயே. நீ களனி ஆத்துக்குள்ள விழுந்திட்டு மழை எண்டுறாய்."

"மழை எண்டா கொட்டாஞ்சேனைதான். உங்கட பக்கம் பெய்யிறதெல்லாம் கடல்ல இருந்து தெறிக்கிறது."

உடனே நான் கதிரையில் ஏறி நின்று தேர்தல் வைத்தேன். வத்தளையில் இருந்து வருகிறவர்கள் உன் பக்கம், கொள்ளுப்பிட்டிக்கு இந்தப் பக்கத்தார் என் பக்கம். அவரவர் நனைந்த நாள்தான் அவரவர் ஞாபகத்தில் இருந்தது. பதினேழுக்குப் பதினொன்று. வெள்ளவத்தை வென்றது. நான் மாலைக்குத் தலையைக் குனிந்தேன்.

"கை தூக்கினா மழை கூடுமாடி?" என்றாய் நீ, தலையைத் துவட்டிக்கொண்டு. "அளப்பம்."

ஒரே கடையில் ஒரே அளவுச் சோடாப் போத்தல் இரண்டு. கழுத்தோடு வெட்டி, கழுத்தைக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டினோம். ஒன்று உங்கள் மொட்டைமாடியில், மற்றது எங்களுடையதில். முதல் மாதம் நானே முன்னுக்கு. நீ நம்பரைச் சொன்ன பிறகு நான் ஒன்றிரண்டு கூட்டிச் சொன்னது அதற்கு ஒரு காரணம். அதைக் கண்டுபிடித்த நாளில்தான் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" வந்தது. முதலில் பேனாவால் எழுது, பிறகு போனில் மூன்று எண்ணு, இருவரும் ஒரே நேரத்தில் சொல்லு. அடுத்தவள் நம்பர் காதில் விழமுதல் உன்னுடையது தாளில் இருக்க வேண்டும்.

அப்படியும் நான்தான் முன்னுக்கு. நீ ஒரு சனிக்கிழமை உன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். என் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாய். பின்னேரம் கொட்டியது. உன்னுடையதில் பதினெட்டு, என்னுடையதில் இருபத்திநான்கு.

"ஒரே மாடியில ரெண்டு மழையாடி?"

போத்தலைத் தூக்கிப் பார்த்தாய். சோடாப் போத்தலின் அடி கால்விரல் மாதிரிக் குழி குழியாக ஒடுங்கி இருக்கும். அதற்குள் கொஞ்சத் தண்ணீர் போனாலே மட்டம் ஏறிவிடும். நீ உன் போத்தலுக்குத் தேவாலயத்தில் எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கி, உருக்கி, சற்று ஆறவிட்டு ஊற்றி, அடியைச் சமமாக்கியிருந்தாய். நான் சும்மா வைத்துவிட்டேன். ஒரு மாதம் பெருமையடித்ததெல்லாம் போத்தலின் கால்விரலுக்குள் போய்விட்டது.

வெட்கத்தில் நான் கொப்பியின் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். நீ கையைப் பிடித்தாய். "கிழிக்காத. மெல்லிசா ஒரு கோடு போடு. பிழையும் வாசிக்கக்கூடியதா இருக்க வேணும்." அடுத்த முறை வரும்போது எனக்கும் மெழுகு கொண்டுவந்தாய்.

அதற்குப் பிறகு நம் இருவர் கொப்பியிலும் ஒரே மாதிரி நான்கு நிரல். திகதி. மில்லிமீற்றர். 'கண்', அதாவது யார் கண்ணால் பார்த்தது. உனக்கு 'ஜெ', எனக்கு 'அ'. கடைசியாக, போத்தலைக் கொட்டித் துடைத்ததற்கு ஒரு சரி. நீ எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வாய்: "நான் தனிய அளந்தா அது என்ர மழை. நீயும் வந்து குனிஞ்சு பாத்து அதே நம்பர் சொன்னாத்தான்டி அது மழை."

ஆனால் நான் நான்தானே. ஒரு காய்ந்த காலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு "நாப்பத்தொண்டு!" என்று கத்தினேன். நீ அன்று பள்ளி முடிந்ததும் என்னோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தாய். முதலில் தம்பிலி இளநீர் விற்கிறவரிடம் போனாய். "அய்யே, ஈயே மெஹெ வெஸ்ஸத?" நேற்று இங்கே மழையா என்று சிங்களத்தில் கேட்ட அந்தக் கேள்விக்கு அவர் வானத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "நே நங்கி", இல்லைத் தங்கச்சி, என்றார். பிறகு எங்கள் மாடியின் செக்கியூரிட்டியிடம் தனியாக. பிறகு துணி அயர்ன் பண்ணுகிறவரிடம் தனியாக. ஒருவர் சொன்னதை மற்றவருக்கு நீ சொல்லவில்லை. மூன்று "இல்லை" சேர்ந்ததும் என்னிடம் வந்தாய்.

"கோவமாடி?" என்றேன்.

"உன்ன நம்புறன். உன்ர நம்பரத்தான் நம்பேல்ல."

கோடு போட்டு, பக்கத்தில் 'அபியின் சொந்த மழை' என்று எழுதினாய். இருவரும் சிரித்துச் சிரித்து அயர்ன்காரரிடம் ஏச்சும் வாங்கினோம். அதோடு நான் திருந்தியிருக்க வேண்டும், இல்லையா?

இனி வருவது இதுவரை யாருக்கும் சொல்லாதது. போன ஞாயிறு வரைக்கும்.

விடுமுறையில் நீயும் உன் அம்மா ரீற்றா அன்ரியும் வத்தளையில் உன் சித்தி வீட்டுக்கு ஐந்து நாள் போனீர்கள். உன் போத்தலை என்னிடம் ஒப்படைத்தாய்.

"ஒவ்வொரு நாளும் போவியா? வாசிச்சு, ஊத்தி, துடைக்கோணும்."

"துடைச்சு, பவுடர் போட்டு, பொட்டும் வைக்கிறன். நீ போய்ச் சித்தியின்ர சாப்பாட்டச் சாப்பிடு."

நான் ஒரு நாளும் போகவில்லை, மில்லி. பெரிய காரணம் சொல்ல ஆசைதான். ஒன்றும் இல்லை. காலையில் எழும்பப் பஞ்சி, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனை வரைக்கும் யார் பஸ்ஸில் போவது? என் போத்தலின் நம்பரோடு கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஐந்து நம்பர் செய்து அனுப்பினேன். என் கொப்பியில் 'கண்: அ' என்று ஐந்து முறை எழுதி, கொட்டித் துடைத்ததற்கு ஐந்து சரியும் போட்டேன்.

நீ திரும்பி வந்து போனில் கேட்டாய். "அஞ்சு நாளும் போனியாடி?"

"ஓம், போனனான்."

உன் பக்கம் கொப்பி புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றாய்.

இரண்டு கிழமைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து நீ எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி என் போனில் இன்னும் இருக்கிறது: 'என் போத்தலைக் கவிழ்த்து வைக்க அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ உன்னுடையதை விடாதே.'

செத்தவீட்டில் பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி யாருக்கோ சொன்னாள். "மேல போத்தல்ல தண்ணி சேத்து வச்சவளெல்லே? பிறகு நுளம்பு வராம என்ன வரும்?" மெதுவாகத்தான் சொன்னாள். அன்ரிக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த அன்று அன்ரி என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அபி, ஒண்டு கேக்கிறன். உண்மையச் சொல்லு மகள். அந்தப் போத்தல்தானா?"

"இல்ல அன்ரி! ஒவ்வொரு நாளும் ஊத்தினது. ஒரு நாளும் விடேல்ல. என்ர கொப்பியில எழுதியிருக்கு."

அன்ரி என் தலையைத் தன் தோளில் சாய்த்து அழுதார். ஆறுதலில் வந்த அழுகை. நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். என் வாழ்க்கையில் நான் விட்ட பகிடி எதையும் யாரும் அவ்வளவு நம்பினதில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. உன்னை இழந்தது ஒரு தனிமை. இது அதற்குள் இன்னொன்று. மழை பெய்தால் நனைந்தவர்கள் எல்லாரும் சாட்சி. நான் செய்த ஐந்து நம்பருக்கு என்னைத் தவிர ஆளில்லை. அந்த ஐந்து நாளும் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது, அன்ரிக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான். உன் போத்தலில் தண்ணீர் நின்றதா? அதற்குள் ஏதாவது துடித்ததா? அதுதான் உன்னைத் தேடி வந்ததா? மொட்டைமாடியில் ஒவ்வொரு காலையும் குனியும்போது இதே கேள்விதான், மில்லி. அடிமட்டத்தில் அதற்குக் கோடு இல்லை.

போன கிழமை மலருக்குப் பொறுப்பான மிஸ் என்னைக் கூப்பிட்டார். "உங்கட ரெண்டு பேரின்ர மழை அட்டவணையப் போடுவம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் தொடர்ந்து அளக்கப் போகினமாம்." வீட்டில் இருந்து ரைப் பண்ணினேன். அந்த ஐந்து வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. இனி அது என் கொப்பிக்குள் இருக்கிற பொய் இல்லை. யாரோ ஒரு பிள்ளை அதன் மேல் தன் நம்பரை அடுக்கப் போகிறது. அதைவிட, அன்ரியும் மலரை வாங்கி அந்த வரிகளைத் தடவிப் பார்ப்பார்.

ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அன்ரி பிளேன்ரீ ஊற்றித் தந்தார். குடிக்காமலே சொன்னேன். போகவில்லை, வாசிக்கவில்லை, கொட்டவில்லை, உங்களிடமும் பொய் சொன்னேன்.

அன்ரி கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு நாளா?"

"அஞ்சு நாள்."

எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. உன் கொப்பியோடு வந்தார். "இத நான் திறக்கேல்ல. அவளின்ர எழுத்தப் பாத்தாத் தாங்கேலாது. நீ திற."

திறந்தேன். நான் அனுப்பிய ஐந்து நம்பரும் உன் கையெழுத்தில் இருந்தன. அவற்றின் மேல் மெல்லிய ஒரு கோடு. கீழே நீ எழுதியிருந்தாய்:

'வந்து பார்த்தேன். போத்தலில் 31 நின்றது. அபி சொன்னதைக் கூட்டினால் 52. அபி போகவில்லை. குடம்பி 9, எல்லாம் சிறிசு. கூட்டுப்புழு இல்லை. வெயிலில் கொட்டித் துடைத்துக் காயவைத்தேன். கண்: ஜெ.'

நீ அறிந்திருந்தாய்! அந்தச் "சரி" சொல்லும்போதே உனக்குத் தெரியும். பிறகு இரண்டு கிழமை நாம் ஒன்றாக இருந்தோமே, ஒரே பக்கற்றில் கை விட்டு மரவள்ளிப் பொரியல் சாப்பிட்டோமே, ஏன் கேட்கவில்லை? நானாக வந்து சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? இன்னும் எத்தனை நாள் பார்த்திருப்பாய்?

"குடம்பி எண்டா என்ன?" என்றார் அன்ரி.

"நுளம்பின்ர குஞ்சு மாதிரி, அன்ரி. தண்ணிக்குள்ள தலைகீழாத் துடிக்கிற புழு. அது கூட்டுப்புழுவாகி, பிறகுதான் பறக்கும்."

"பறக்க எத்தின நாள்?"

"கிழமைக்கு மேல எண்டு படிச்சனான். ஆனா நான் சொல்றத வச்சு நீங்க நம்ப வேண்டாம்."

"ஓம். உன்ன நம்பேலாது" என்றார் அன்ரி. அதில் பகிடி ஒரு துளியும் இல்லை.

புதன்கிழமை போன் எடுத்தார். கீழ் வீட்டு நேர்ஸிடம் கேட்டாராம். ஒழுங்கைக்கு நுளம்பு பார்க்க வருகிற சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டாராம். நம் உயிரியல் மிஸ்ஸுக்கு எடுத்துக் கேட்டாராம். "ஒராள் சொன்னத மற்றாளுக்குச் சொல்லேல்ல" என்றார். தம்பிலிக்காரர் கதையை அன்ரிக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நீ சொன்னாயா? அல்லது நீதான் அதை அன்ரியிடமிருந்து எடுத்தாயா?

மூவரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். முட்டையில் இருந்து பறப்பதற்கு ஒரு கிழமையாவது வேண்டும். ஐந்து நாள் நின்ற தண்ணீர், சிறிய புழு, கூட்டுப்புழு இல்லை என்றால் அந்தப் போத்தலில் இருந்து எதுவும் பறந்திருக்காது. பரிசோதகர் இன்னொன்றும் சொன்னாராம்: "எந்த நுளம்பு, எங்க இருந்து வந்தது எண்டு இனி ஒருதராலயும் சொல்லேலாது அம்மா. தண்ணி தேங்கின கானா இருக்கலாம், தண்ணித் தாங்கியா இருக்கலாம்."

அன்றைக்குக் குசினியில் நான் சொன்னதும் "இல்லை"தான். இதுவும் "இல்லை"தான். ஆனால் இந்த "இல்லை"க்குள் நீ குனிந்து எண்ணிய ஒன்பது இருக்கிறது, ஒருவரையொருவர் கேளாத மூன்று பேர் இருக்கிறார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு மனிதர் இருக்கிறார். இதில் அன்ரி சாய்ந்து நிற்கலாம். அன்று சாய்ந்தது என் வாய்ச்சொல்லில் மட்டும்.

"அன்ரி, என்னோட கோவமா?" என்று கேட்டேன்.

"போத்தலால இல்ல எண்டது எனக்கு ஆறுதல். நீ பொய் சொன்னது இன்னும் ஆறேல்ல. ரெண்டும் வேற வேற மகள்." போனை வைத்துவிட்டார்.

வியாழன் அன்ரியிடமிருந்து போன் ஒன்றும் இல்லை. நேற்று, நான் சொன்னேனே, ரயிலோடு கதைத்தேன்.

இன்று காலை ஆறு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. அன்ரி மூச்சு வாங்கினார். மூன்று மாடி ஏறியிருக்கிறார்.

"போத்தல நேற்றுப் பின்னேரம் நிமித்தி வச்சனான். வாயில வலைத் துண்டு கட்டியிருக்கு. மெழுகு ஒரு இடத்தில வெடிச்சிருக்கு, பரவாயில்லையா?"

"பரவாயில்ல அன்ரி. வெடிச்சிருக்கு எண்டும் எழுதுங்கோ."

"சரி, நீ எண்ணு."

எண்ணினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு.

"சைபர்."

"சைபர்."

வெள்ளவத்தையிலும் மழை இல்லை, கொட்டாஞ்சேனையிலும் மழை இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லாத நாள்தான். ஆனால் இரண்டு பேர் தனித்தனியே குனிந்து பார்த்துச் சொன்ன 'இல்லை'. நான் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டேன்.

"ஒண்டுமில்லாததயும் எழுதுறதா?" என்றார் அன்ரி.

"கட்டாயம் எழுதவேணும். அவளின்ர கொப்பியப் பாருங்கோ, எல்லா நாளும் எழுதியிருப்பாள்."

"கண் எண்டு ஒரு இடம் இருக்கே, அதில?"

"நீங்கதானே பாத்தது, அன்ரி. உங்கட பேரின்ர முதல் எழுத்து."

பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு படம் எடுத்து அனுப்பினார். உன் கையெழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு சைபர். கண் என்ற இடத்தில் 'ரீ' இல்லை. 'அம்மா' என்று எழுதியிருந்தார்.

மில்லி, மலரில் அந்த ஐந்து வரியும் வரும். நீ போட்ட கோட்டோடு, நீ எழுதிய குறிப்போடு. ஒவ்வொரு நாளும் எவ்வளவு பெய்தது என்று இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. முப்பத்தொன்று நின்றது என்று மட்டும் தெரியும், அதுவும் உன்னால். பகிடி விடுவதை நிறுத்துவேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் நான் குனியாத நாளுக்கு இனி ஒரு நம்பரும் எழுத மாட்டேன். வெறுமையாக விடுவேன். நாளைக்கு ஆறரைக்கும் எண்ணுவேன். நீ இருந்த இடத்தில் உன் அம்மா இருப்பார், நீ இருக்க மாட்டாய். அதையும் அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைப்பேன்.

உனக்கு அண்ணனும் இல்லை, எனக்குத் தம்பியும் இல்லை, இருந்தும்
உன் மச்சாள்,
அபிநயா.
கண்: அ.